சக்கரம் வைத்த சின்ன வீடு

என் அப்பா என் கணவரை ஒருநாளும் "மாப்பிள்ளை" என்று கூப்பிட்டதில்லை. நாங்கள் காதலித்து, வேறு சாதியில், அப்பா வராமலேயே கல்யாணம் செய்துகொண்டவர்கள். பேத்தி பிறந்த பிறகு அவருக்குக் கோபம் கொஞ்சம் இறங்கி, வாரம் ஒருமுறை ஃபோனில் பேசத் தொடங்கினார். ஆனால் அந்த ஒரு சொல்லை மட்டும் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தார். அதைச் சொல்லிவிட்டால் கேஸில் தோற்றதாக அர்த்தம்.

அப்பா தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். சாம்பாரில் உப்பு கூடினால்கூட மதுரையில் எங்கள் வீட்டில் விசாரணை நடக்கும். அப்படிப்பட்டவர், தப்பித்தவறி என் கணவர் ஃபோனை எடுத்துவிட்டால், இலக்கணத்தையே வளைத்துவிடுவார். "சாப்பாடு ஆச்சா?" "ஆபீசெல்லாம் எப்படிப் போகுது?" "அங்க குளிர் ஜாஸ்தின்னு கேள்விப்பட்டேன்." நீயும் கிடையாது, நீங்களும் கிடையாது. என்னிடம் பேசும்போது "உங்க வீட்ல", பேத்தியிடம் "உங்கப்பா". எதிரில் இருப்பவரைக் கூப்பிடாமலேயே தமிழில் ஒரு முழு உரையாடலை நடத்தி முடித்துவிடலாம் என்று அப்பாவைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

"அவர் எப்படிக் கூப்பிட்டா எனக்கென்ன?" என்பார் என் கணவர். ஆனால் ஒவ்வொரு ஃபோன் முடிந்ததும், "என்னைப் பத்தி ஏதாவது கேட்டாரா?" என்று என் முகத்தைப் பார்ப்பார். அந்தப் பார்வை எனக்குப் பொறுக்காது. அப்பாவின் வாயிலிருந்து அந்தச் சொல்லை ஒருமுறையாவது வரவழைத்துவிட வேண்டும் என்று எனக்கு வெறியே இருந்தது.

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, சரியாக நினைவில்லை. நியூ ஜெர்சியில் பிளெய்ன்ஸ்பரோவில் ஓர் அபார்ட்மென்ட்டில் இருந்தோம். அவருக்கு ஐ.டி. வேலை. நான் சிவில் இன்ஜினியரிங் படித்துவிட்டு, வேலைக்குப் போக அனுமதியில்லாத டிபென்டென்ட் விசாவில் உட்கார்ந்து பருப்பு வேகவைத்துக்கொண்டிருந்தேன். அம்மா இறந்து, அப்பா தனியாக இருந்த சமயம். கெஞ்சிக் கூத்தாடி அவரைக் கோடையில் இங்கே வரச் சம்மதிக்க வைத்தேன். சம்மதித்தவர் கூடவே நிபந்தனையும் போட்டார். ஹோட்டலில் சாப்பிட மாட்டார். கண்டவர்கள் படுத்த கட்டிலில் படுக்க மாட்டார்.

"அப்ப நயாகரா?" என்றார் என் கணவர், வீடே இடிந்துவிட்ட குரலில்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பிளெய்ன்ஸ்பரோவில் கோடைக்கு வரும் அப்பா அம்மாக்களுக்கு நயாகரா காட்டியே ஆக வேண்டும். மாலையில் எங்கள் காம்ப்ளெக்சைச் சுற்றி, புடவைக்கு ஸ்னீக்கர்ஸ் போட்ட அம்மாக்களும் மங்கி கேப் போட்ட அப்பாக்களும் வாக்கிங் போவார்கள். "நீங்க இன்னும் நயாகரா போகலையா?" என்ற கேள்வி முதல் நாளே வந்துவிடும். போகவில்லை என்றால் மாப்பிள்ளை சரியில்லை. எங்கள் வீட்டில் மாப்பிள்ளையே இன்னும் மாப்பிள்ளை ஆகவில்லை.

ஒரு சனிக்கிழமை காலையில் அவர், "வா, ஒரு வண்டி பாத்துட்டு வரலாம்" என்றார். இரண்டாவது கார் என்று நினைத்து, தலைவாரிப் பொட்டு வைத்துக்கொண்டு, ஆறு வயது மகளையும் கிளப்பிக்கொண்டு போனேன். பென்சில்வேனியாவில் ஒரு பண்ணையின் பின்புறம், இடுப்பளவு புல்லுக்கு நடுவே, நெளிந்த அலுமினிய டப்பா ஒன்று நின்றிருந்தது. இரண்டு சக்கரம், ஒரு கதவு, பட்டைக் கண்ணாடி வைத்த ஜன்னல்கள். காருக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போகிற டிராவல் டிரெய்லர். வயதில் எனக்கு மூத்தது.

கதவைத் திறந்ததும் எலி மூத்திர வாடை முகத்தில் அடித்தது. தரையில் காலை வைத்தேன். பலகை மெத்தென்று உள்ளே இறங்கியது.

"டேய்," என்றேன். நாங்கள் ஒரே காலேஜ். தனியாக இருக்கும்போது டேய்தான்; அப்பா ஃபோனில் இருக்கும்போது மட்டும் "ஏங்க". "எங்கப்பாவை இதுல படுக்க வைக்கப் போறியா? அவரு என்ன பாவம் பண்ணாரு?"

"ரெஸ்டோர் பண்ணிடலாம். உள்ள அடுப்பு இருக்கு பாரு. நீ ரசமே வைக்கலாம். கட்டில் நம்ம கட்டில். யாரும் படுக்காத மெத்தை புதுசா வாங்கிப் போடறோம். உங்கப்பாவால ஒண்ணும் சொல்ல முடியாது."

எட்டு வருடத்தில் இந்த மனிதர் இவ்வளவு யோசித்து ஒரு காரியம் செய்து நான் பார்த்ததில்லை. எனக்குக் கோபமெல்லாம் போய்விட்டது. அதைக் காட்டிக்கொள்ளாமல், "விலையைக் குறைச்சுக் கேளு" என்றேன்.

விற்ற கிழவர் அந்த டப்பாவை "ஷீ" என்றுதான் சொன்னார். "ஷீ இஸ் ஓல்ட், பட் ஷீ ஹாஸ் எ குட் பாடி" என்று அதன் முதுகில் செல்லமாகத் தட்டினார். என் மகள் சுற்றுமுற்றும் பார்த்து, "ஹூ?" என்றாள். கிழவர் டிரெய்லரைக் காட்டினார். அன்றிலிருந்து அவளுக்கும் அது "ஷீ" ஆகிவிட்டது.

அதற்கென்றே வாங்கிய பழைய மினிவேனில் இழுத்து வந்த மறுநாளே அபார்ட்மென்ட் மேனேஜர் இங்கே நிறுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டார். எங்களைக் காப்பாற்றியது பக்கத்து ஊரான மான்மவுத் ஜங்ஷனில் இருந்த டாக்டர் ஆன்ட்டி. இலங்கைத் தமிழர், கணவரை இழந்தவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பெரிய வீட்டில் தனியாக இருந்தார். "பின்வளவு சும்மாதானே கிடக்குது. கொண்டு வந்து விடுங்கோ" என்றார்.

அப்புறம் சனிக்கிழமை என்றால் எங்களுக்கு அங்கேதான் வேலை. முதலில் உள்ளே இருந்ததையெல்லாம் பெயர்க்க வேண்டும். என் கணவர் ஒவ்வொரு ஸ்க்ரூவாகக் கழற்றி, கவரில் போட்டு, மேலே மார்க்கர் பேனாவால் எழுதிக்கொண்டிருந்தார். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. சுத்தியலை எடுத்து ஓர் அடி அடித்தேன். உளுத்த அலமாரி ஒன்று முழுசாக விழுந்தது. ஆஹா, என்ன சுகம்! விசா, கிரீன் கார்டு வரிசை, "நீங்க வீட்ல சும்மாதானே இருக்கீங்க?" என்று கேட்ட ஆன்ட்டிகள், எல்லாவற்றுக்கும் சேர்த்து அடித்தேன். அந்த வசந்த காலத்தில் என்னைப் போல நிம்மதியாகத் தூங்கியவர் நியூ ஜெர்சியில் யாரும் இருந்திருக்க முடியாது.

சுவருக்குள் எங்கே மரம் கெட்டிருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. அதற்கு டாக்டர் ஆன்ட்டி ஒரு வழி கண்டுபிடித்தார். ஸ்டெதஸ்கோப்பைக் கொண்டுவந்து சுவரில் வைத்து, நெஞ்சைப் பரிசோதிப்பதுபோல இரண்டு விரலால் தட்டிக் கேட்பார். "இஞ்ச நல்லா இருக்குது. இஞ்ச உக்கிப் போச்சு. இதை வெட்டி எடுங்கோ." எல்லாப் பக்கமும் தட்டி முடித்துவிட்டு, "பயப்பிடாதேங்கோ, ஆள் தப்பும்" என்றார். அவர் கை வைத்துச் சொன்ன இடமெல்லாம் உளுத்துத்தான் இருந்தது, ஓர் இடம் தவிர. அங்கே எலிக்கூடு.

ஒருநாள் மகள் கேட்டாள், இதற்குத் தமிழில் என்ன என்று. நாங்கள் யோசித்தோம். "நாங்கள் கரவன் எண்டுதான் சொல்லுறது" என்றார் ஆன்ட்டி. அது மகளுக்குப் பிடிக்கவில்லை. தனக்குத் தெரிந்த தமிழையெல்லாம் துழாவிப் பார்த்தாள். கட்டில் இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, கதவு இருக்கிறது, ஆனால் சின்னதாக இருக்கிறது. முகம் மலர்ந்து, "சின்ன வீடு!" என்றாள்.

என் கணவருக்குத் தேநீர் மூக்கில் ஏறிவிட்டது. ஆன்ட்டி சட்டென்று எழுந்து, சமையல் அறையில் என்னவோ வேலை இருப்பதாகப் போனார். அவர் தோள் குலுங்குவது பின்னாலிருந்து தெரிந்தது. ஆறு வயதுக் குழந்தையிடம், அப்படிச் சொல்லக் கூடாது, மனைவிக்குத் தெரியாமல் ஆண்கள் வைத்துக்கொள்கிற சமாச்சாரத்துக்கு அல்லவா அந்தப் பெயர் என்று எப்படி விளக்குவது? "கரெக்ட்" என்று சொல்லிவிட்டோம். சொன்னதோடு நிற்கவில்லை. எனக்கு அந்தப் பெயர் ரொம்பப் பிடித்துப்போயிற்று. சனிக்கிழமை விடிந்தால், "என்னங்க, சின்ன வீட்டுக்குப் போகலையா? நான் வேணா டிபன் கட்டித் தரட்டா?" என்பேன். அவரும் சளைத்தவர் இல்லை. "உன் சமையலுக்கு அதுதான் வழி" என்பார்.

அப்பாவோடு பேசுவதும் சனிக்கிழமை காலையில்தான். காலிங் கார்டில் நம்பரெல்லாம் போட்டு, ரிங் போனதும் ஃபோனை மகளிடம் கொடுத்துவிட்டு, நான் சாப்பாடு கட்டப் போய்விடுவேன். அவர்கள் பேசி முடித்ததும் நான் வாங்கிப் பேசுவேன். அன்று நான் மிக்சியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். அதனால் கீழே உள்ளது நான் காதால் கேட்டதில்லை. பின்னால் இரு தரப்பு வாக்குமூலங்களையும் வைத்துச் சேர்த்தது.

"உங்கப்பா எங்க கண்ணு?"

"சின்ன வீடு, தாத்தா."

"என்னது?"

"அப்பா பாட் எ சின்ன வீடு. ஷீ இஸ் வெரி ஓல்ட். பட் ஷீ ஹாஸ் எ குட் பாடி."

அப்பா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாராம். பிறகு, பதவியில் இருந்த காலத்துக் குரலில், "அம்மாவுக்குத் தெரியுமா?" என்றார்.

"அம்மா கோஸ் டூ. வித் எ ஹாமர்."

"சுத்தியலா? ஐயையோ. எதுக்கும்மா?"

"டு ஹிட் ஹர்! பட் டாக்டர் ஆன்ட்டி செக்ட் ஹர் வித் எ ஸ்டெதஸ்கோப். ஷீ வில் லிவ்."

"இப்ப அது எங்க இருக்கு?"

"டாக்டர் ஆன்ட்டி ஹவுஸ். மேனேஜர் அங்கிள் செட் ஷீ காண்ட் ஸ்டே வித் அஸ். தாத்தா, தாத்தா, வென் யூ கம், வீ ஆர் ஆல் கோயிங் டு நயாகரா வித் ஹர்!"

இந்த இடத்தில் காலிங் கார்டில் காசு தீர்ந்து லைன் போய்விட்டது.

அடுத்த வாரம் அப்பா வழக்கத்தைவிட மென்மையாகப் பேசினார். "நீ நல்லா இருக்கியாம்மா? சாப்பிடறியா? உன் பாஸ்போர்ட் உன்கிட்டதானே இருக்கு?" பயணம் நெருங்கும் பரபரப்பு என்று நினைத்தேன். "பாப்பா சொன்னா. சுத்தியலெல்லாம் கையில எடுக்காதம்மா. அந்த ஊரு சட்டம் வேற மாதிரி."

"ஒண்ணும் ஆகாதுப்பா. கிளவுஸ் போட்டுக்கிட்டுதான் அடிக்கிறேன்."

அப்பா பெருமூச்சு விட்டார். "நான் வந்து பாத்துக்கறேன். அதுவரைக்கும் பொறுமையா இரு. உங்க வீட்ல கிட்ட எதுவும் பேசிக்காத."

வயதாக ஆக அப்பாவுக்கு எவ்வளவு பாசம் என்று எனக்குக் கண் கலங்கியது.

இதற்கிடையே டிரெய்லருக்குப் புதுத் தரை வந்தது. ஜன்னல் ஓரமெல்லாம் பிய்த்து, புட்டி டேப் ஒட்டி, மழை ஒழுகுவதை ஏறக்குறைய நிறுத்தினோம். வெளி அலுமினியத்தை, என் கணவரின் கல்யாண வேட்டியைக் கிழித்துத் துடைத்துத் துடைத்து, முகம் தெரியும்படி ஆக்கினேன். கட்டில் மட்டும் அவர் பொறுப்பு. "உங்கப்பா என்ன உயரம்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அவர் என் அப்பாவை நேரில் பார்த்ததே ஒரே ஒருமுறை, அதுவும் பெண் கேட்கப் போனபோது, அப்பா உட்கார்ந்தே இருந்தார், எழுந்துகூட நிற்கவில்லை. கடைசியில் எங்கள் வீட்டு கேட் பக்கத்தில் அப்பா நிற்கிற போட்டோ ஒன்றை வைத்து, கேட் என் தோள் வரை வரும் என்பதை வைத்து, கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டார். அந்தக் கணக்குப்படி வெட்டின கட்டில், ஃப்ரிட்ஜ் வைக்க வேண்டிய இடத்தையும் விழுங்கிவிட்டது.

"இவ்வளவு நீளம் எதுக்குடா? எங்கப்பா என்ன பனைமரமா?"

"கால் இடிச்சா என்னைத்தான் சொல்லுவாரு. ஃப்ரிட்ஜ் வேணாம், ஐஸ் பாக்ஸ் போதும்."

அப்பா நியூவர்க்கில் வந்து இறங்கினார். பேத்தியைத் தூக்கிக்கொண்டார். என்னை மேலும் கீழும் பார்த்து, என் கையில் சுத்தியல் பட்டுக் கறுத்திருந்த நகத்தைத் தடவினார். என் கணவர் "வாங்க மாமா" என்று பெட்டியை வாங்கியதற்கு, "ம்" என்றார். அந்த "ம்"மில் ஐஸ் பாக்ஸே நிரம்பிவிடும்.

மறுநாள் சனிக்கிழமை. மிச்சமிருந்த ஒழுகலையும் அப்பா பார்ப்பதற்குள் அடைத்துவிடலாம் என்று என் கணவர் விடிந்ததும் கிளம்பிப் போய்விட்டார். அப்பா குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு வந்து, "எங்க?" என்றார். ஆள் இல்லாத கேள்வி.

"சின்ன வீடு!" என்றாள் மகள்.

அப்பா என்னைப் பார்த்தார். எனக்கு, ஒழுகல் நிற்பதற்குள் காட்ட வேண்டியதாயிற்றே என்ற வருத்தம். "போனா போகுது, நீங்களே வந்து பாருங்கப்பா" என்றேன்.

"பாக்கத்தான் வந்திருக்கேன்" என்று, பயணத்துக்கு என்று கொண்டு வந்திருந்த பேண்ட்டைக் கழற்றிவிட்டு, வெள்ளை வேட்டி சட்டைக்கு மாறினார்.

கதவைத் திறந்த டாக்டர் ஆன்ட்டியை அப்பா கைகூப்பி வணங்கினார். நான் அறிமுகப்படுத்த வாயெடுத்தேன். கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"நான் இவளோட அப்பா. விஷயமெல்லாம் எனக்குத் தெரியும்மா. இது எத்தனை நாளா நடக்குது?"

"மூண்டு மாசம் இருக்கும்," என்றார் ஆன்ட்டி சந்தோஷமாக. "சனிக்கிழமையெண்டா விடிய வந்திடுவார். பாவம், சாப்பாடு தண்ணி இல்லாமக் கிடந்து முறிவார். நான்தான் தேத்தண்ணி ஊத்திக் குடுக்கிறது."

அப்பாவின் கழுத்து நரம்பு புடைத்தது. "நீங்க படிச்சவங்க. டாக்டர். நீங்களே இதுக்கு இடம் குடுக்கலாமா?"

"கேட்டினம், குடுத்தனான். எனக்கு ஒரு கரைச்சலும் இல்லை."

"வயசும் ஆயிடுச்சாமே?"

"நாப்பது வரும். பழசெண்டு நினையாதேங்கோ. நல்ல உறுதி."

இங்கேதான் எனக்கு உறைத்தது. பாஸ்போர்ட், சுத்தியல், அந்த ஊர்ச் சட்டம் எல்லாம் வரிசையாக மண்டைக்குள் வந்து நின்றன. நான் உடனே குறுக்கிட்டிருக்க வேண்டும். ஆனால் சிரிப்பை அடக்கவே என் முழு பலமும் போய்விட்டது. மேலும், அடுத்து என்ன சொல்வார்கள் என்று கேட்காமல் எப்படி இருப்பது?

அப்பாவின் குரல் உடைந்தது. "இது என் பொண்ணோட வாழ்க்கைம்மா. தாயில்லாத பொண்ணு. தயவு பண்ணி அனுப்பிடுங்க."

என் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அப்பா யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

ஆன்ட்டிக்கு ஒன்றும் புரியவில்லை. "நான் என்ன பிடிச்சே வச்சிருக்கிறன்? இண்டைக்கே கொண்டு போங்கோ. என்ர புல்லெல்லாம் பழுதாப் போச்சு."

"புல்லா?" என்றார் அப்பா.

அதற்குள் மகள் தாத்தாவின் கையைப் பிடித்து வீட்டின் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு ஓடினாள். பின்னால் வெயிலில் பளபளவென்று அது நின்றது. கதவுக்கு வெளியே இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. என் கணவர் உள்ளே குப்புறப் படுத்து ஓட்டை அடைத்துக்கொண்டிருந்தார்.

"தாத்தா, சின்ன வீடு! இஸின்ட் ஷீ பியூட்டிஃபுல்?"

அப்பா அதைப் பார்த்தார். கால்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தேன். அவர் முகத்தில் ரத்தம் ஏறி இறங்கியது. மெதுவாக என் பக்கம் சாய்ந்து, "உங்க அத்தைக்கிட்ட வேற சொல்லித் தொலைச்சிட்டேன்" என்றார்.

மதுரையில் இருந்த அத்தை, அப்பாவின் தங்கை. அவளிடம் சொன்னால் அப்புறம் ரேடியோவே தேவையில்லை.

என் கணவர் பசையும் தூசியுமாக எழுந்து வந்து, நடந்தது எதுவும் தெரியாமல், "பாருங்க மாமா" என்று கதவை அகலத் திறந்தார். அப்பா உள்ளே போனார். அடுப்பைத் திருகிப் பார்த்தார். ஜன்னலைத் திறந்து மூடினார். தாசில்தார் கட்டடத்தைப் பார்வையிடுகிற மாதிரியே எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு, கட்டிலுக்கு முன் வந்து நின்றார்.

"இவ்வளவு நீளக் கட்டில் யாருக்கு?"

"ஃபார் யூ, தாத்தா. அப்பா மெஷர்ட் யூ ஃப்ரம் எ போட்டோ."

அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிப் படுத்தார். அவர் காலுக்குக் கீழே இன்னொரு குழந்தை படுக்கலாம், அவ்வளவு இடம் மிச்சமிருந்தது. கூரையைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் படுத்திருந்தார். இப்போது சொல்லிவிடுவார் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எழுந்து உட்கார்ந்து, என்னிடம், "மெத்தை நல்லாருக்குன்னு சொல்லு" என்றார்.

பக்கத்தில் நிற்கிற மனிதரிடம் நான் எடுத்துச் சொல்ல வேண்டுமாம். அந்த நிமிஷம் அப்பாவை நயாகராவில் தள்ளிவிடலாமா என்றிருந்தது எனக்கு. என் கணவர், "தேங்க்ஸ் மாமா" என்று சொல்லிவிட்டு மறுபடி குப்புறப் படுத்துக்கொண்டார்.

அடுத்த வாரமே அதைப் பழைய மினிவேனில் கட்டி இழுத்துக்கொண்டு கிளம்பினோம். வழியெல்லாம் பின்னாலிருந்து பாத்திரம் உருளும் சத்தம். நயாகரா பக்கம் ஒரு கேம்ப் கிரவுண்டில் இடம் பிடித்திருந்தோம். டிரெய்லரைப் பின்னோக்கி அதற்குரிய இடத்தில் விட வேண்டும். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, பின்னால் போய் நின்றுகொண்டார். "வரலாம், வரலாம்! லெஃப்ட்ல ஒடிக்கலாம்! ஹோல்டான்!" அங்கேயும் பெயர் கிடையாது, பாருங்கள். டிரெய்லரைப் பின்னால் எடுக்கும்போது ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் ஒடிக்கிறோமோ அதற்கு எதிர்ப்பக்கம்தான் அது போகும். அப்பாவின் உத்தரவுப்படி போய், ஒரு பெஞ்சை இடித்துச் சாய்த்தோம். பக்கத்து இடத்துக்காரர்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள்.

அருவியைப் பார்த்து அப்பா, "இதுல கால்வாசி வைகைக்கு வந்தா போதும்" என்றார். அன்று ராத்திரி அந்த நீளக் கட்டிலில் பேத்தியும் அவருமாகப் படுத்துத் தூங்கினார்கள்.

காலையில் நான் உள்ளே தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். என் கணவர் வெளியே, டிரெய்லர் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்று ஜாக்கி வைத்து நிமிர்த்திக்கொண்டிருந்தார். அப்பா கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து, "அத்தைக்கு ஃபோன் போட்டுக் குடு. அவ வேற பதறிக்கிட்டிருப்பா" என்றார். போட்டுக் கொடுத்தேன். மதுரை வரை நேரடியாகக் கேட்டுவிடும் குரலில் அவர் பேச ஆரம்பித்தார்.

"நான்தான் பேசறேன்… ஆமா, விசாரிச்சுட்டேன். பாப்பா சொன்னது எல்லாம் உண்மைதான்."

அத்தையின் அலறல் எனக்கே கேட்டது. நான் திரும்பிப் பார்த்தேன். அப்பா முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"எங்கேயிருந்தா? அங்கேயிருந்துதான் பேசறேன். மாப்பிள்ளையோட சின்ன வீட்லேர்ந்து."

தோசைத் திருப்பி என் கையில் அப்படியே நின்றது.

"ஆமா, நானும் இங்கதான் தங்கியிருக்கேன். நல்ல வசதி… அவளா? அவளும் இங்கதான் இருக்கா. தோசை ஊத்திக்கிட்டிருக்கா… சண்டையா? ஒரு சண்டையும் இல்ல, எல்லாரும் ஒண்ணாத்தான் இருக்கோம்… மாப்பிள்ளை வெளியில நிக்கிறாரு. கூப்பிடவா, நீயே கேக்கறியா?"

என் அப்பா ஜோக் அடித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பட்டைக் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தேன். என் கணவர் ஸ்பானரைப் பிடித்தபடி சிலையாக நின்றிருந்தார். என்னைப் பார்த்தார். பிறகு சட்டென்று குனிந்து, முன்பே முறுக்கி முடித்திருந்த போல்ட்டை மறுபடி முறுக்க ஆரம்பித்தார். காது மடல் இரண்டும் சிவந்திருந்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது. தோசை கருகியது.

"லைன் கட்டாயிடுச்சு" என்று அப்பா ஃபோனை வைத்தார். அத்தைதான் அங்கே மயங்கி விழுந்திருக்க வேண்டும்.

மகள் போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டி, "தாத்தா, ஹூ இஸ் மாப்பிள்ளை?" என்றாள். பாவம், பிறந்ததிலிருந்து அவள் வீட்டில் கேட்டிராத சொல்.

"உங்கப்பாதான்" என்றார் அப்பா. என்னிடம் தட்டை வாங்கிக்கொண்டு, ஜன்னலைத் திருகித் திறந்து, தலையை வெளியே நீட்டினார்.

"மாப்பிள்ளை, தோசை ஆறுது. வாங்க."